சிவப்பு கிடார், கறுப்பு கிடார், ஒரு குடை

மூன்று வருஷம் என் இடது கையை மறைத்து வைத்து வேலை பார்த்தேன். கை இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் வேலைகளை எல்லாம் வலது கைக்கு மாற்றியிருந்தேன். தல்லாகுளத்தில் தேவாலயம் நடத்திய இசைப்பள்ளியில் நான் தற்காலிக ஆர்மோனிய ஆசிரியர். சேர்ந்த வாரமே வருகைப் பதிவேட்டை இடது கையால் நீட்டிவிட்டேன். அன்று பள்ளிச் செயலாளர் என்னைப் பார்த்த பார்வைதான் இதற்கெல்லாம் காரணம். கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், பார்வையிலேயே தீர்ப்பு எழுதுவார். என்னை 'ஆர்மோனியம்' என்றுதான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக் கிடார் வகுப்பு வருகிறது என்றார்கள். கிடார் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். பொய்யில்லை. கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டினால் இடது கையால் நன்றாகவே வாசிப்பேன். அந்தப் பின்பாதியை மட்டும் எழுதவில்லை.

ஒன்றைப் பார்த்து எடுக்கச் சொல்லி மெட்ராஸ் கடையிலிருந்து இரண்டு கிடார் அனுப்பியிருந்தார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. எது நல்லது என்று நான் எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை கமிட்டி முன்னால் வாசித்தும் காட்ட வேண்டும். தேறினால் கிடார் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஆர்மோனியமே சந்தேகம். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய், சிவப்பின் கம்பிகளைக் கழற்றி என் கைக்கு மாற்றிக் கட்டினேன். ரேடியோவில் செருகி, அதையே ஸ்பீக்கராக்கி வாசித்தால் அது பாடியது. கறுப்புக்கும் அதே வேலையைச் செய்யப் பொறுமையில்லை. தலைகீழாகப் பிடித்து நாலு தட்டுத் தட்டிவிட்டு, 'சிவப்பே சிறந்தது' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சிவப்பின் கம்பிகளைப் பழையபடி கட்டும்போது, ஆக மெல்லிய கம்பி பட்டென்று அறுந்தது. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் வீணைக் கம்பி இருந்தது, மிருதங்க வார் இருந்தது, எனக்கு வேண்டியது இல்லை. காளவாசலில் ஒரு கிடார்காரர் உண்டு என்று சைக்கிளை மிதித்தேன். அவர் திருமங்கலத்துக் கல்யாணக் கச்சேரிக்குப் போய்விட்டாராம். திரும்பி வந்து, கறுப்பிலிருந்த மெல்லிய கம்பியைக் கழற்றிச் சிவப்பில் கட்டினேன். தோற்ற கிடாருக்கு எதற்கு ஆறு கம்பி? கமிட்டி அதையும் வாசிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று மனைவி கேட்டாள். நான் சிவப்புக்குச் சுருதி கூட்டத் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலை கமிட்டி முன்னால் சிவப்போடு உட்கார்ந்தேன். வலது கைக்காரன் போலப் பிடித்து இரண்டே இரண்டு கார்ட் பிடிகள் பழகியிருந்தேன். சிவப்பில் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. கமிட்டித் தலைவரான ஃபாதர் தலையாட்டினார். தப்பித்தேன் என்று மூச்சு விடுவதற்குள் செயலாளர் வாயைத் திறந்தார்.

"ஆர்மோனியம், அந்தக் கறுப்பையும் காமிங்க."

அவரே பெட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த ஐந்து கம்பியை எண்ணச் சிரஸ்தார்தான் வேண்டும் என்பதில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கை, கம்பி, காளவாசல், யாரும் கேட்காத ஏழாம் மாதம்வரை.

ஃபாதர் எழுந்து வந்தார். இரண்டு கிடாரிலும் தடித்த கம்பியை ஒருமுறை தட்டினார். சிவப்பு சீக்கிரம் அடங்கியது. கறுப்பு, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகும் முனகிக்கொண்டிருந்தது. இப்படித் தட்டிப் பார்க்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். பார்க்கவில்லை. ஒரு வாரமாக நான் சோதித்தது என் கையை.

"கிடார் கெடக்கட்டும் ஃபாதர்" என்றார் செயலாளர். "இவரு இடது கைக்காரரு. பிள்ளைகளுக்கு எப்பிடிச் சொல்லிக்குடுப்பாரு?"

"கண்ணாடி பாத்துத் தலை சீவுற மாதிரி சார்."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று யோசித்தேன். இனி பின்வாங்க வழியில்லை. கறுப்பைச் செயலாளர் மடியில் வைத்தேன். என் கைக்குக் கட்டிய கிடார் அங்கே இல்லாததால், சுவரோரம் சாத்தியிருந்த அவர் குடையை எடுத்துக் கிடார் போல இடது பக்கமாகப் பிடித்து எதிரே உட்கார்ந்தேன். 

என் வலது கை விரல் குடைக்காம்பில் போன இடத்துக்கு நேராக, அவருடைய இடது கை விரல் கிடாரில் வந்து நின்றது. நான் குடைத்துணியைத் தட்டினேன். அவர் கம்பியைத் தட்டினார். ஐந்து கம்பியிலும் சுத்தமான ஒரு சத்தம் வந்தது. அவர் தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்து எந்த விரலு, வாத்தியாரே?"

கறுப்பை வாங்கினார்கள், என்னையும் சேர்த்து.