பாவு இறங்கட்டும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்காரரை நினைத்தால் அவருடைய விரல்கள்தான் முதலில் தெரிகின்றன. தொண்ணூறுகளில் ஆரணியில் அவர் வீட்டில் இரண்டு பட்டுத்தறி. ஒன்றில் மாமா, மற்றதில் நான். பாவு எனும் நீளவாட்டு இழைகள் நெய்து முடிந்து இறங்கும் தறுவாயில், தறியில் மிச்சமிருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார். அதனால் தறி காலியாக நின்றதே இல்லை.

அக்காவுக்கு ஒரே ஆசை, கடலைப் பார்க்க வேண்டும்.

"ஏங்க, பக்கத்து ஊரு களம்பூர்ல அத்தன பேரும் வேன் வச்சிகினு போயிட்டு வந்துட்டாங்க. நாம எப்ப?"

"இந்தப் பாவு இறங்கட்டும், போலாம்."

"ஒங்க பாவு இறங்கறதுக்குள்ள கடலே வத்திப்பூடும்" என்று சிரிப்பாள்.

மாமா பொய் சொல்லவில்லை. வேலையெல்லாம் முடிந்தபின் வந்து சேரும் ஒன்றாகத்தான் சந்தோஷத்தை நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனார்கள். அக்கா கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

ஒருநாள் காலை, இழைகள் நுழைந்து போகும் விழுதிலும் அச்சிலும் கிடந்த பழைய இழைகளை மாமா அறுத்து உருவிப் போட்டார். எந்த நெசவாளியும் செய்யாத காரியம். இனி புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பாவு இறங்கிடுச்சு. பொடவ மாத்து, கடலுக்குப் போலாம்."

அக்கா ஓடிவந்தாள். தறியைத்தான் பார்த்தாள்.

"அய்யய்யோ, இன்னாங்க இப்படி அறுத்துட்டீங்க? மறுபடியும் கோக்க எத்தினி நாளு ஆவும்?"

"ஆவட்டும். கெளம்பு."

"கடலு எங்க ஓடிப்போவுது? மொதல்ல இத முடிங்க."

அவள் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. இருந்திருந்தால் மாமா தாங்கியிருப்பார். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள்.

மாமா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் நான் அக்காவைக் கடலுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அங்க இன்னா கீது தம்பி, தண்ணிதான?" என்றாள்.

வற்புறுத்த வாய் வரவில்லை. எனக்கும் போக ஆசையில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் எழுதியது.