எட்டாவது கிளுவை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இதை எழுதுவதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் நம்பப் போவதில்லை, தெரியும். நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

அடையாறு ஆற்றை ஒட்டி ஒரு குளம். பாதியைக் கட்டட இடிபாடு கொட்டி மூடிவிட்டார்கள். கரையில் குடியிருந்தவர்களைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பியாகிவிட்டது. மீதியையும் மூடி நடைபாதை போட்டு, நீரூற்று வைத்து, ஓரத்தில் பிளாஸ்டிக் கொக்கு நிறுத்தப் போகிறார்களாம். நிஜக் கொக்கை விரட்டிவிட்டு பிளாஸ்டிக் கொக்கு! வலசைப் பறவை எதுவும் இங்கே வருவதில்லை என்று ஒப்பந்தக்காரர் எழுதியே கொடுத்திருந்தார். அன்று பதினொரு மணிக்கு விசாரணை. அதற்குள் பறவைப் பட்டியல் கையில் இருந்தால்தான் குளத்தை மூடக்கூடாதென்று மனு போட்ட நாங்கள் வாயைத் திறக்க முடியும்.

தை மாதப் பனி, காலை ஆறேகால். கேட்டிலேயே வாட்ச்மேன் என் நண்பன் பிரவீனை மடக்கினார்.

"இன்னா நைனா, கேமரால்லாம் தூக்கினு வந்துக்கீற? சார் யாரையும் வுடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

"நீ போடி, பின்னாலயே வரேன்" என்று பிரவீன் கிசுகிசுத்தான். சுவர் உடைந்திருந்த பக்கமாக நுழைந்துவிட்டேன்.

எண்ணும்போது எங்களுக்கு ஒரு வழக்கம். பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல் நான் சொல்வேன், பின்னால் நிற்கிற அவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவான். அவன் குரல் காதில் விழுந்தால்தான் அடுத்த பறவைக்குப் போவேன். அன்றும் பின்னால் சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது, வந்துவிட்டான் என்று ஆரம்பித்தேன்.

"மடையான் மூணு."

"மூணு."

"நாமக்கோழி பன்னெண்டு."

"பன்னெண்டு."

"கிளுவை ஏழு." எங்கோ வடக்கேயிருந்து குளிருக்கு இங்கே வருகிற வாத்து அது. 

"எட்டு. கோரைக்குள்ள ஒண்ணு கீது பாரு."

பார்த்தேன். ஆமாம், தலையை முதுகில் செருகிக்கொண்டு ஒன்று. பைனாகுலர் இல்லாத பிரவீனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அப்போது தோன்றவே இல்லை. போனை பைனாகுலரில் ஒட்டிவைத்து ஒரு படம் எடுத்தேன்.

"நாங்க பதினோரு வூடு. அத்தயும் எழுதிக்க."

"கிண்டல் பண்ற நேரமாடா இது?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

யாரும் இல்லை. சேற்றில் என் செருப்புத் தடம் மட்டும்தான் இருந்தது.

ஓடினேன். பிரவீன் இன்னும் கேட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நோட்டு அவன் கையில், பக்கம் வெள்ளையாக. மூச்சிரைக்க வாட்ச்மேனிடம், கரையில் எத்தனை வீடு இருந்தது என்று கேட்டேன்.

"லிஸ்ட்டுல பத்தும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "லிஸ்ட்டுல ஏறாதது ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

படத்தில் கோரை இருந்தது, கிளுவை ஏழுதான். "ஏழுன்னே போடுடி. எட்டுன்னா மொத்தத்தையும் பொய்னு தள்ளிடுவாங்க" என்று பிரவீன் கெஞ்சினான். எட்டு என்றே எழுதினேன். கடைசி வரியில், வீடு பதினொன்று.

"பறவை லிஸ்ட்டுல வீடு எதுக்கும்மா?" என்று விசாரணையில் அதிகாரி சிரித்தார். அந்த வரியை மட்டும் அடித்தார். எட்டின் மேல் பேனா போகவே இல்லை.

மறு ஆய்வு வரை வேலை நின்றிருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று பிரவீன் குதிக்கிறான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படத்தில் இல்லாத வாத்தை ஏற்றுக்கொண்டார்கள், மனுஷர் இருந்த வீட்டை ஒரே கோட்டில் அடித்துவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் இப்போதும் எண்ணப் போகிறோம். பிரவீன் என் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுதான் எழுத வேண்டும், அது என் கண்டிப்பு. கடைசிப் பறவையையும் சொல்லி, அவன் திருப்பிச் சொல்லி, நோட்டையும் மூடிய பிறகு, எங்களுக்குப் பின்னால் சேறு ஒருமுறை சளக்கென்கிறது. பட்டியல் இன்னும் முடியவில்லை என்று யாரோ கால் மாற்றி நிற்பது போல.