பளிச் அண்ணனின் நுரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவரை எல்லோரும் பளிச் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் கழுவி வைத்த தட்டை மறுபடி கழுவினால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். இவருக்குப் பெண்டாட்டி எதற்கு, ஒரு ஸ்பாஞ்ச் போதுமே என்று அவர் மனைவியே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நான் படகோட்டி. ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் தண்ணீர் மொண்டு வந்து கொடுப்பது என் வேலை. அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மிதக்கின்றன. மீன்குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. ஆனால் வயல் உரமும் சாக்கடையும் வந்து சேர்ந்தால் கண்டபடி பெருகி, அழுகி, மீனுக்கே மூச்சு முட்ட வைத்துவிடும். எந்தச் சத்து அதைக் கிளப்பிவிடுகிறது என்று பார்க்கத்தான் டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயசு, சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

ஒரு பாட்டில் தண்ணீரில் நைட்ரேட் சேர்ப்பார், இன்னொன்றில் பாஸ்பேட். மூன்றாவது, எதுவும் சேர்க்காத வெறும் கழிமுகத் தண்ணீர். சில நாள் வெளிச்சத்தில் வைத்தபின் கருவியில் நீல ஒளி பாய்ச்சினால் பாசி சிவப்பாக ஒளிரும். பாசி கூடக் கூட ஒளியும் கூடும். கருவி அதை எண்ணாகக் காட்டும்.

வெறும் தண்ணீர் சும்மா கிடக்க வேண்டும். அதுவோ ஒவ்வொரு முறையும் பாஸ்பேட் பாட்டிலோடு போட்டி போட்டு ஏறியது. இன்னொரு முறை இப்படி வந்தால் ஆய்வை மூடிவிட வேண்டியதுதான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். கழுவுவதில் கோளாறு இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பளிச் அண்ணன் கழுவியதை யார் சந்தேகப்படுவார்கள்?

டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மனச விட்டுடாதீங்கம்மா. என் பக்கம் ஒரு குறையும் வைக்கல. நீங்க சொன்ன ஆசிட்ல அலசிட்டு, அதுக்கு மேல என் சொந்தப் பவுடர் போட்டு இன்னொரு தடவ தேய்ச்சிடறேன். உங்களுக்குச் சரியா வரலன்னு தெரிஞ்சதும் பவுடரக்கூட ஜாஸ்தி பண்ணிட்டேன்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். அந்தப் பவுடர் பாக்கெட்டை வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். அதில் பாஸ்பேட் இருந்தது. எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுமாம். முகத்தில் வந்த கோபத்தைப் பார்த்து நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். ஆனால் அவர் அதை விழுங்கிவிட்டார்.

"அண்ணே, இத்தனை நாளா பாசிக்கு நீங்கதான் சாப்பாடு போட்டிருக்கீங்க."

விஷயம் புரிந்ததும் அண்ணன் முகம் செத்துவிட்டது. ஏப்ரனைக் கழற்றி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து மேசையில் வைத்தார். விவரம் தெரிந்த ஆளாக யாரையாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"உங்கள மாதிரி யாரு கழுவுவா? எடுத்துக் கட்டுங்கண்ணே. ஆசிட், அப்புறம் சுத்தத் தண்ணி. நுரையே வரக் கூடாது."

அடுத்த முறை நுரையில்லாமல் கழுவினார். சட்டை போடாமல் தெருவில் நிற்கிறவர் மாதிரி கூசிக்கொண்டே கழுவினார். அளக்கும் நாளில் உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாஸ்பேட் பாட்டில் மளமளவென்று ஏறியது. நைட்ரேட் கொஞ்சம் அசைந்தது. வெறும் தண்ணீர் வைத்த இடத்திலேயே கிடந்தது.

டாக்டரம்மா கருவியை அவர் பக்கம் திருப்பினார். "இது நீங்க கழுவுன பாட்டில்ண்ணே."

ஒன்றுமே வளராத அந்தப் பாட்டிலைப் பார்த்து அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். படகைக் கட்டாமல் வந்துவிட்டேன் என்று சொல்லி நான் வெளியே போய்விட்டேன். படகு கட்டித்தான் இருந்தது.