எண்ணலாமா என்று கேட்டவர்

கோமதி மேடம் இறந்துவிட்டதாக நங்கநல்லூரிலிருந்து அவருடைய தம்பி இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலையில் அழைத்துச் சொன்னார். "ரொம்ப கஷ்டப்படல சார்" என்றார். சிறுநீரகம் கெட்டுப்போன அந்தக் கடைசி மாதத்தில் அடிக்கடி போய்ப் பார்த்தவன் நான். மிகவும் கஷ்டப்பட்டார்.

அன்று மதியத்துக்குள் நம் வாட்ஸப் குழுவில் இரங்கல்கள் வரத் தொடங்கின. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். வீடற்றவர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதை வரைபடத்தில் துல்லியமாகக் காட்டிய முன்னோடி என்று மேடத்தைப் புகழ்ந்திருந்தார். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. மேடத்தோடு வேலை செய்த உங்களில் பலரும் கைகூப்பியிருந்தீர்கள். அந்த வரைபடம் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். கோபாலபுரத்தில் நாங்கள் நடத்திய சிறிய தொண்டு அமைப்புக்கு வந்த முதல் நாளே, அரசு எடுத்திருந்த கணக்கைப் படித்துவிட்டு, "மயிலாப்பூர் பிளாட்ஃபாரத்துல பொம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டார். ராத்திரியில் டார்ச் அடித்து, படுத்திருப்பவர்களை எண்ணி எழுதிய கணக்கு அது. வெளிச்சமான இடத்தில் எந்தப் பெண் படுப்பாள்? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும் ரயில் நிலையப் படிக்கட்டுக்குப் பின்னாலும் ஒடுங்கிக் கிடந்தவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. "ஆளை எண்ணணும். போர்வையை எண்ணிட்டு வரக்கூடாது" என்றார். விடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில், மதியம் மர நிழலில், விழித்திருக்கும் மனிதர்களிடம் பேசி எண்ணும் முறை அப்படித்தான் தொடங்கியது.

கனிவானவர் என்று யாரும் எழுத வேண்டாம். பனகல் பார்க் அருகே எண்ணிக்கொண்டிருந்தபோது, அடையாறிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி, பேர் சொன்னவர்களுக்கெல்லாம் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். மேடம் எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தினார். "கணக்கெடுக்க வந்தியா, புண்ணியம் சேக்க வந்தியா? பசிக்கிறவர் பிஸ்கட்டுக்காக ரெண்டு தடவை பேர் சொல்லுவார். தப்பு அவர் மேல இல்ல, உன் மேல." அந்தப் பெண் அழுதாள். மேடம் அன்று எடுத்த கணக்கு முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மாணவி மறுபடி வரவில்லை.

குளத்தங்கரை நடைபாதையில் பூ விற்கும் கஸ்தூரி இல்லாமல் மயிலாப்பூர்க் கணக்கு நடந்திருக்காது. அங்கேயே பிறந்து அங்கேயே பெண் பெற்றவள். எங்களைக் கண்டதும் எழுந்து போனவர்களை அவள்தான் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "நம்ம மேடம்தான், சொல்லு" என்பாள். அவள் சொன்னதால் சொன்னார்கள், எங்கே படுக்கிறார்கள் என்பது உட்பட.

கணக்கு முடிந்ததும் அந்த அதிகாரி, எந்த இடத்தில் எத்தனை பேர் என்று வரைபடமாகக் கொடுத்தால் தங்கும் விடுதி கட்ட வசதியாக இருக்கும் என்றார். மேடம் நம்பினார். இரவு பகலாக உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்.

விடுதி வரவில்லை. வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் லாரிகள் வந்தன. நாங்கள் குறித்திருந்த இடங்களில் மட்டும் நின்றன. ஆட்களைச் சாமான்களோடு ஏற்றிச் செங்கல்பட்டைத் தாண்டி இறக்கிவிட்டார்கள். கஸ்தூரியின் மகள் தேவிக்கு அது பத்தாம் வகுப்புத் தேர்வு வாரம். ஹால் டிக்கெட் இருந்த பை எந்த லாரியில் போனதோ, கிடைக்கவில்லை.

திரும்பி வந்த கஸ்தூரி நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காராமல் மேடத்திடம் போனாள்.

"எங்க படுக்கறோம், எங்க சாமான் வெக்கறோம், அல்லாம் நான்தான் உன் கைல சொன்னேன். நீ எத்துகினு போய் அவன் கைல குட்த்துட்ட."

"விடுதி கட்டறதுக்குன்னுதான் கேட்டாங்க கஸ்தூரி" என்றார் மேடம்.

"எங்க கீது? காட்டு."

கஸ்தூரி மேசை மேலிருந்த கணக்குத் தாள்களைக் காட்டினாள்.

"என் பேரை அழிச்சிடு."

"நான் அழிச்சாலும் அவங்ககிட்ட இருக்கும்" என்றார் மேடம். அந்த நேரத்திலும் அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கஸ்தூரி போய்விட்டாள்.

மறுநாள் நானும் மேடமும் அதிகாரியைப் பார்க்கப் போனோம். டீ வரவழைத்தார். "உங்க டேட்டா ரொம்ப கிளீன் மேடம். ஒரே காலைல முடிச்சிட்டோம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். இப்போது இரங்கல் எழுதியிருப்பவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு மேடம் முறையை மாற்றினார். வரைபடம் கிடையாது. படுக்கும் இடத்தைக் கேட்கக் கூடாது. வட்டத்துக்கு எத்தனை பேர், எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள் என்ற எண்ணிக்கை மட்டும் வெளியே போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் "உங்களை எண்ணலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நகர வேண்டும். இடம் இல்லாத கணக்கு எதற்கு என்று அதிகாரியின் அலுவலகம் கையை விரித்தது. "எத்தனை விடுதி கட்டணும்னு தெரிய எண்ணிக்கை போதும். யார் எங்க படுக்கறாங்கன்றது லாரிக்குத்தான் வேணும்" என்று எழுந்து வந்தார். நிதி நின்றது. நம்மில் பாதிப்பேர் அப்போதுதான் விலகினார்கள்.

வாரந்தோறும் குளத்தங்கரைக்குப் போய் கஸ்தூரியின் கூடை முன்னால் நிற்பார். "உனக்குப் பூ இல்ல" என்பாள், கூடை நிறையப் பூ இருக்கும்போதே. தேவி மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடிக்கிறாள். மேடம் அந்தக் கடை வாசல் வரை ஒருமுறை போய்விட்டு, உள்ளே நுழையாமல் திரும்பினார்.

ஆஸ்பத்திரியில், பேசுவதே சிரமமாக இருந்த ஒரு மதியம், "கஸ்தூரி வந்தாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரியாத்தான் பண்றா" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது "எண்ணலாமா?" என்ற அந்தக் கேள்வியையும், அதற்கு எந்தப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தையும்தான். போன வாரம் இந்த ஆண்டுக் கணக்குக்காக மயிலாப்பூர் போனேன். கஸ்தூரி கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். மேடம் இறந்துபோனதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"உங்களை எண்ணலாமாம்மா?"

"வாணாம்" என்றாள், நாரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம் போனேன்.