ஜன்னல் துணியில் ஒரு தீபாவளி

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து மகனும் மருமகளும் வந்தார்கள். கூடவே ஆறு மஞ்சள் ஜிப்பாக்களும் வந்தன. எனக்கொன்று, மகனுக்கொன்று, பேரன்மார் இரண்டு பேருக்கும் இரண்டு. என் மனைவிக்கும் மருமகளுக்கும் அதே துணியில் கொஞ்சம் நீளமாக. மாம்பழத்தைப் பிழிந்து ஊற்றிய மாதிரி ஒரு மஞ்சள். "கலர் தீம் மாமா. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் எடுக்கிறாங்க. தெமோதரைப் பாலத்துல நின்னு ஃபேமிலி ஃபோட்டோ எடுக்கப் போறோம்" என்றாள் மருமகள். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்த ஜிப்பாவைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு வாய் ஊறியது. ஏச வேண்டும் என்று ஊறியது.

கலர் தீமாம்! அடியே, நாங்கள் அதைப் பதுளைக் கடைவீதியில் ஒரே துணியாக வெட்டி வாங்கிப் போட்டவர்கள். அப்போது அதற்குப் பெயர் கலர் தீம் இல்லை. "தோட்டக்காட்டான் வர்றான் பாரு" என்பதுதான் பெயர். தேயிலைத் தோட்டத்து ஆட்களை டவுன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பதுளையைப் பற்றி இப்போது வெளியூர்க்காரர்கள் எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. முத்தியங்கனை விகாரை, பழைய கல் தேவாலயம், மணிக்கூட்டுக் கோபுரம், துன்ஹிந்தை அருவி, ரயில் பாதை முடிகிற ஊர், தொன்மையான நகரம். சரி, தொன்மைதான். எங்களுக்குத் தெரிந்த பதுளையில் மூன்று இடங்கள்தான் இருந்தன: பெரியாஸ்பத்திரி, புடவைக்கடை, போட்டோ ஸ்டூடியோ. முதலாவதற்குச் சாகக் கிடந்தால் போவோம். மற்ற இரண்டுக்கும் தீபாவளிக்குப் போவோம்.

இப்போது வெள்ளைக்காரர்கள் வருகிற எல்ல ஊர்ப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பெண்பிள்ளையை இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் கூடையை மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள், வருகிறவர்களுக்குக் கும்பிடு போட. உள்ளே போனால் மரப்பலகையில் ஒரு கோதுமை ரொட்டியும் ஒரு துளி மிளகாய்க் கட்டச்சம்பலும். அதன் விலையைச் சொன்னால் என் அம்மா எழுந்து வந்து அடிப்பாள். அம்மா அந்த ரொட்டியை விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் சுட்டாள். சம்பலுக்குத் தேங்காய் இருந்தால் அன்றைக்குத் திருவிழா. படங்கு என்பது தேயிலைச் செடியில் இருக்கிற பனி உடம்பை நனைக்காமல் இருக்கக் கட்டிக்கொள்ளும் முரட்டுத் துணி. கும்பிடு போடக் கட்டுவதல்ல.

துணி என்றதும் நினைவு எங்கே போகும்? புடவைக்கடைக்குத்தான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தெமோதரைக்குக் கிட்டத் தோட்டம், படிப்பு பதுளையில். தினம் ரயிலில் போய் வந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து டவுன் பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை என்று அப்பாவுக்குத் தலைகால் புரியாது. அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியைக் கத்தியால் கவாத்து வெட்டுகிற கூலி. ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் அப்படிச் சொல்லவில்லை. "எங்கப்பா கணக்கப்பிள்ளை" என்று சொல்லி வைத்திருந்தேன். ஆட்களை வேலை வாங்குகிற உத்தியோகம், முழங்கால் வரை கால்மேசு போட்ட உத்தியோகம். பொய் சொல்கிறவன் துரை என்றே சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

அந்த வருடம் புடவைக்கடைக்கு அப்பாவோடு நானும் போனேன். முதலாளி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "தோட்டமா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அடித்தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை இழுத்து எங்கள் முன்னால் உருட்டி விட்டார். கரும்பச்சை. அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாகப் பூ.

"கிழியவே கிழியாது. ஒங்க ஆளுகளுக்கு இதுதான் சரி."

அப்பா துணியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கெட்டித் துணிங்க. மூணு தீவாளிக்கு வரும்" என்றார். எல்லாருக்கும் சேர்த்து வெட்டச் சொன்னார்.

அது ஜன்னலுக்குப் போடுகிற திரைத்துணி. விற்காமல் கிடந்ததைத் தோட்டத்து ஆட்களின் தலையில் கட்டிவிட்டார் மனுஷன். தெரிந்தே கட்டினார். நாசமாய்ப் போகட்டும். எங்களுக்குத் தெரியவில்லை. ஜன்னலே இல்லாத லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜன்னல் துணி எது, சட்டைத் துணி எது என்று எப்படித் தெரியும்? எங்கள் லயத்தில் பாதிப் பேர் அதையே வாங்கியிருந்தார்கள். தீபாவளிக் காலையில் மாரியம்மன் கோயிலில் பார்த்தால் பெரிய துரை பங்களாவின் ஜன்னல்கள் எல்லாம் எழுந்து வந்து சாமி கும்பிடுகின்றன. அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்கு ரவிக்கை, தங்கச்சிக்குக் கவுன். தம்பிக்கு நாலு வயது, அவனுக்குச் சட்டையும் அதுதான், காற்சட்டையும் அதுதான். எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நான் ஒருவன்தான் இல்லை. டவுனில் படிக்கிறவன் அல்லவா, பள்ளிக்கூட அலுவலக ஜன்னலில் அதே பூவைப் பார்த்திருந்தேன்.

கோழிக்கறியும் தோசையும் சாப்பிட்டுவிட்டுப் பதுளைக்கு ரயில் ஏறினோம், குடும்பமாக ஒரு படம் எடுக்க. அதுவரை எங்கள் வீட்டில் யாரையும் யாரும் படம் எடுத்ததில்லை. அப்பாவுக்கு அது பெரிய ஆசை. நான் ஒரு பையில் என் வெள்ளைப் பள்ளிச் சட்டையைச் சுருட்டி வைத்திருந்தேன். ரயில் கக்கூசுக்குள் போய்ப் பூச்சட்டைக்கு மேலே அதைப் போட்டுக் கழுத்து வரை பொத்தான் பூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா, "ஏன்டா, குளிருதா?" என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அவர்களை முன்னால் போக விட்டுப் பத்தடி பின்னால் நடந்தேன். தேத்தண்ணிக் கடையில் அவர்கள் உள்ளே இருக்க, நான் தெருவில் நின்றேன். அப்பா ஒரு பருப்பு வடையைக் கடதாசியில் சுற்றி வெளியே கொண்டுவந்து கொடுத்தார். வெட்கமில்லாமல் அதையும் தின்றேன்.

ஸ்டூடியோவுக்குள் போனால், பெஞ்சில் சுந்தரம். என் வகுப்புக்காரன். அந்தப் புடவைக்கடை முதலாளியின் மகனேதான். பட்டுச் சட்டை போட்டு, அம்மாவோடு படம் எடுக்க வந்திருந்தான்.

எங்கள் வீட்டு ஆட்களைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, இங்க பாருங்க! நம்ம கடை ஜன்னல் துணி!" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "டேய், நீயா? இவங்க யாருடா?"

நான் சொன்னேன்: "எங்க தோட்டத்து ஆளுங்க."

சொல்லிவிட்டேன். பெற்றவள் நிற்கிறாள், பெற்றவர் நிற்கிறார், நாக்கு கூசவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் கிட்ட வந்தார்.

"ஆமாங்க. தம்பி எங்க கணக்கப்பிள்ளை ஐயா மகன். எங்களுக்கு டவுன்ல வழி தெரியாதுன்னு தொணைக்கு வந்தாரு" என்றார். "சட்டை கசங்கியிருக்குங்க தம்பி" என்று என் கழுத்துப் பக்கம் ஏதோ சரிசெய்தார்.

நான் பள்ளியில் சொன்ன பொய் அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா பல வருடம் கழித்துச் சொன்னாள். ஏதோ கையெழுத்துப் போட அப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிறார். "கணக்கப்பிள்ளை வரலையா?" என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். "அவருக்கு வேலைங்க, என்னைய அனுப்பினாரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மொத்தம் எத்தன பேரு?" என்றார் போட்டோக்காரர்.

"நாலு பேருங்க" என்றார் அப்பா.

தம்பி மட்டும், "அண்ணே, நீயும் வா! வாண்ணே!" என்று அழுதான். அம்மா அவன் வாயைப் பொத்தி மடியில் இழுத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் மூன்று பேர் கேமராவைப் பார்ப்பார்கள். தம்பி பக்கவாட்டில் பார்ப்பான். அங்கேதான் நான் நின்றேன்.

அடுத்த தீபாவளிக்கு எனக்கு மட்டும் வெள்ளைத் துணி வாங்கினார் அப்பா. மற்ற நாலு பேரும் அந்தப் பச்சையையே போட்டார்கள். அவர் சொன்ன மாதிரி மூன்று தீபாவளிக்கு வந்தது.

நான் படித்து, தபால் கந்தோரில் உத்தியோகமாகி, அப்பாவும் போன பிறகு, ஒரு கல்யாண வீட்டில் சுந்தரத்தைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. பாயசம் குடித்துக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கி ஒன் வெள்ளைச் சட்டைக்குள்ளேருந்து பூக்காலர் வெளிய நீட்டிக்கிட்டு இருந்திச்சுடா. ஒங்கப்பா பேசிக்கிட்டே அத உள்ள தள்ளிவிட்டாரு. எங்கம்மா அப்பவே சொல்லிட்டாங்க, இது பெத்தவன் கைன்னு."

ஆக, யாரும் ஏமாறவில்லை. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கடைக்காரனையும் ஊரையும் இத்தனை நேரம் ஏசினேனே, அவர்கள் விற்றது துணியைத்தான். நான் விற்றது எதை? என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்ப வருகிறது.

போன தீபாவளியன்று தெமோதரைப் பாலத்தில் நல்ல குளிர். என் வெள்ளைச் சட்டைக்கு மேலேயே அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே எங்களைப் போல இன்னும் நாலைந்து குடும்பம். ஒன்று முழுக்க நீலம், ஒன்று முழுக்க ரோஸ். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் 'நைஸ்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தூ! அதே கூத்துத்தான், காசு இருந்தால் அழகு.

"அப்பா, காலர் வெளிய தெரியுது" என்றான் மகன். கிட்ட வந்து, என் வெள்ளைக் காலரை மஞ்சளுக்குள்ளே தள்ளிவிட்டான். விரல் கழுத்தில் பட்டது. "ஏம்பா, குளிருதா?" என்றான். ஆமாம் என்றேன். போய் நடுவில் நின்றேன்.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். எங்கள் லயமும் ஒரு அடைமழையில் மண்ணோடு போய்விட்டது. நாலு பேர் படத்தை அம்மா தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். லயம் போவதற்கு முன்பே கூரை ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்துப் பார்த்தபோது முதலில் போனது அப்பாவின் முகம்.

என் போனில் இன்றைக்கு நாற்பது மஞ்சள் படம் இருக்கிறது. அப்பாவும் நானும் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.