கையெழுத்துக்கு முன்

சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே ஒரு மீனவர் ஊர். பேருந்துக்காக ஊராட்சி அலுவலக வாசலில் நிற்கிறேன். உள்ளே கிராம சபை நடக்கிறது. முதலில் பதிவேட்டில் கையெழுத்து, பிறகு தீர்மானம் எழுதுவது என்பதுதான் இங்கே வழக்கமாம். இன்று பெண்கள், எழுதியதைப் படித்துக் காட்டும்வரை பேனாவைத் தொட மறுக்கிறார்கள். கடல் ஆண்டுதோறும் ஏறி வருகிறது. அவர்களுடைய வீடுகளுக்கு முன்னால் எஞ்சியிருப்பது ஒரு மணல்மேடுதான்.

மீன் விற்கும் செல்வி என்னைக் கையசைத்துக் கூப்பிடுகிறார்.

“அண்ணாத்த, நீ அசலூரு. கிளார்க்கு இன்னா எழுதிக்கீறாருன்னு சத்தமா படி.”

கரையோரம் பனங்கொட்டை நட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. படிக்கிறேன்.

“மேட்டுல மண்ணு அள்ளக் கூடாதுன்னோமே, அது எங்க?” என்கிறார் செல்வி.

“விட்டுப்போச்சும்மா,” என்கிறார் கிளார்க்.

“மண்ண வாரிக்கினு பூட்டா, கொட்டைய உன் தலையிலயா நடுறது?”

கிளார்க்கும் சேர்ந்து சிரிக்கிறார். அந்த வரியைச் சேர்த்து எழுதுகிறார். மறுபடி படிக்கிறேன். செல்வி முதல் கையெழுத்தைப் போடுகிறார். அவருக்குப் பின்னால் வரிசை நீள்கிறது.

இதற்குள் என் பேருந்து போய்விட்டது. செல்வி பொரித்த நெத்திலியைக் காகிதத்தில் வைத்து நீட்டுகிறார். ஊர் ஊராகப் போய் எத்தனையோ கூட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். எதிலும் யாரும் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன்.