நால்வரைச் சாகவிடாமல் நடத்துவது எப்படி

எனக்கு நாற்பத்தாறு வயது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறேன். சீட்டாட்டமோ மிட்டாய் உடைப்பதோ இல்லை. வாளும் மந்திரமும் பூதமும் உள்ள விளையாட்டு. நான்கு பேரைக் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு காடு, குகை, பாழடைந்த கோட்டை என்று போக வேண்டும். நால்வரும் உயிரோடு மறுபக்கம் வந்து சேர வேண்டும். இதைச் சொன்னால் மயிலாடுதுறையில் எங்கள் தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். இதே தெருவில் ஆண்கள் நாள் முழுக்க டீக்கடை வாசலில் கிரிக்கெட் பார்க்கிறார்கள். அவர்களிடம் போய் உனக்கு வயசென்ன என்று யாரும் கேட்பதில்லை.

மகள் ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுச்சென்ற பழைய லேப்டாப் அது. கணவர் குவைத்தில் இருக்கிறார். ஒரு ஆளுக்கு எவ்வளவுதான் சமைப்பது? பதினோரு மணிக்கெல்லாம் அடுப்படி வேலை முடிந்துவிடும். அப்புறம் இரண்டு மணி நேரம் என்னுடையது. இப்போது மகளின் தோழிகள் இரண்டு பேர் அதே விளையாட்டைத் தொடங்கியிருக்கிறார்கள். "ஆன்ட்டி, முதல் குகையிலேயே செத்துப் போறோம், ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க" என்று மெசேஜ் அனுப்பினார்கள். சொல்கிறேன். ஆனால் எனக்கு ஒன்று, இரண்டு என்று பட்டியல் போட வராது. நான் பட்ட பாட்டோடு சேர்த்துத்தான் சொல்ல வரும்.

நான் விவசாயி வீட்டுப் பெண். எங்களுக்கு ஒரு புத்தி உண்டு. அரிசிப் பானை காலியாகிப் பக்கத்து வீட்டில் வாங்கி உலை வைத்தாலும் வைப்போமே தவிர, மூலையில் இருக்கும் விதைநெல் மூட்டையைத் தொட மாட்டோம். விளையாட்டிலும் அதையேதான் செய்தேன். காயம் ஆற்றும் சிவப்பு மருந்து பாட்டில் வழியெல்லாம் கிடைக்கும். கிடைத்ததை எல்லாம் பையில் சேர்த்தேன். பின்னால் பெரிய சண்டை வருமே, அதற்கு ஆகும் என்று. சதுப்பு நிலத்தில் ஒரு தவளை ராஜா வந்தான். என் ஆட்கள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். பையில் முப்பத்தொரு பாட்டில். ஒன்றின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மகளிடம் சொன்னதும், "அம்மா, அது குடிக்கிறதுக்குத்தாம்மா குடுத்திருக்காங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆகவே பெண்களே, குடித்துவிடுங்கள். மருந்து முளைக்காது.

அடுத்த தப்பு இதைவிடக் கேவலம். கூட்டத்தில் முன்னால் நிற்பவன் கேடயக்காரன். அவன் பக்கத்தில் வாள்காரன், பின்னால் மந்திரவாதி, எல்லோருக்கும் பின்னால் வைத்தியக்காரி. விழுந்தவர்களை எழுப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நல்ல கவசம் கிடைத்தால் நான் கேடயக்காரனுக்குப் போடுவேன். மிச்சம் வாள்காரனுக்கு. வைத்தியக்காரி ஆரம்பத்தில் போட்டிருந்த கந்தல் அங்கியிலேயே நின்றாள். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று யோசிக்கக்கூட இல்லை. ஆண்கள் பந்தி எழுந்த பிறகு அடிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டு வளர்ந்தவளின் கை வேறு எப்படிப் பரிமாறும்? ஆனால் எதிரிக்கு இந்த வரிசை மரியாதை எல்லாம் தெரியாது. ஒரு வில்காரன் நேராகப் பின்வரிசையைப் பார்த்து அம்பு விட்டான். முதலில் போனது அவள்தான். அவள் போன பிறகு கேடயக்காரனின் தங்கக் கவசத்தை வைத்து என்ன செய்வது? எனக்குக் கோபமான கோபம், விளையாட்டின் மேல் இல்லை, என் மேல். பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, முதல் வேலையாக அவனுடைய கவசத்தைக் கழற்றி அவளுக்கு மாட்டினேன். அவன் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

இன்னொன்று. சத்திரத்தில் ஒரு வணிகர் வருவார். ரொம்ப மரியாதையாகப் பேசுவார், நான்கு பத்தி ஆங்கிலத்தில் ஒரு ஒப்பந்தம் நீட்டுவார். படிக்கச் சோம்பல்பட்டு 'சரி' என்று அழுத்திவிட்டேன். என் வைத்தியக்காரியை மூன்று ஊர் தாண்டும் வரை அவரிடம் வேலைக்கு அனுப்பச் சம்மதித்ததாக நாலாவது பத்தியில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எதற்கும் கடைசி வரி வரை படிக்காமல் நான் சரி சொல்வதில்லை.

இந்தப் பழக்கம்தான் போன மார்கழியில் என் அண்ணனோடு சண்டையில் கொண்டுபோய் விட்டது.

திருப்பனந்தாள் பக்கம் அப்பா பெயரில் ஐந்து மா நஞ்சை, ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்கு மேல், இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அண்ணன்தான் பயிர் வைக்கிறார். எனக்கும் அதில் பாதி உண்டு. விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டால் முழுவதும் அவர் பெயருக்கு மாறிவிடும். எங்கள் பக்கம் தங்கைகள் பேசாமல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பதிலுக்கு ஒவ்வொரு தைக்கும் அண்ணன் வீட்டிலிருந்து பொங்கல் சீர் வரும்: அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து. நானும் போடுவதாகத்தான் இருந்தேன்.

அண்ணனும் அண்ணியும் வந்தபோது மணி பதினொன்றரை. லேப்டாப்பில் சண்டை பாதியில் நின்றது. அண்ணன் பத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"போட்டுடும்மா. நாளன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டிருக்கு."

"படிச்சிட்டுப் போடுறேண்ணே."

"அதுல என்ன இருக்கப் போவுது? எல்லாருக்கும் எழுதுறதுதான்."

படித்தேன். மூன்றாவது பக்கத்தில், யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, எனக்குச் சேர வேண்டியதைப் பெற்றுக்கொண்டு, முழு மனதுடன் என்று இருந்தது.

"அண்ணே, யாரோட தூண்டுதலும் இல்லாமன்னு போட்டிருக்கு. அப்புறம் நீங்க எதுக்கு பஸ் ஏறி வந்தீங்க?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார்.

"சேர வேண்டியதப் பெத்துக்கிட்டேன்னு இருக்கு. என்னத்த பெத்துக்கிட்டேன்?"

"வருஷா வருஷம் சீர் வரல?"

"கரும்பும் வயலும் ஒண்ணாண்ணே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. லேப்டாப்பைக் கையால் காட்டினார். "பொம்மைங்கள வச்சுச் சண்ட போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறவளுக்கு நிலம் எதுக்கு? வயலு எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

தெரியும். நடவு நாளில் சோற்றுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வரப்பில் எத்தனை முறை வழுக்கி விழுந்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். பேனாவை மூடிப் பத்திரத்தின் மேலேயே வைத்தேன். "போட மாட்டேண்ணே" என்றேன்.

"அப்ப சீரும் கெடையாது, அண்ணன் வீடும் கெடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அண்ணி வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் பின்னால் போனார். கணவர் போனில், "குடுத்துத் தொலையேன், நமக்கு எதுக்கு வம்பு" என்றார். "உங்களுக்கு அது வம்பு, எனக்கு அது நிலம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்ன சொல்லை அண்ணன் காப்பாற்றினார். எனக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் முதல் முறையாக இந்தத் தைக்குச் சீர் வரவில்லை. பொங்கலன்று காலையில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூடப் பிறந்தவர் அவர். கடைத்தெருவில் நானே கரும்பும் மஞ்சளும் வாங்கி வந்து பொங்கினேன். நிலத்தைக் கொடுத்திருக்கலாமோ என்று அன்றைக்கு ஒரு நிமிடம் தோன்றியதும் உண்மைதான்.

காணும் பொங்கலன்று மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணி பேசுறேன். இது பக்கத்து வீட்டு போன்." மூச்சு வாங்கியது. "நான் எங்கண்ணனுக்குப் போட்டுக் குடுத்துட்டேன். கல்யாணமான மறு வருஷமே. ஒரு வரி படிச்சுப் பாக்கல."

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அங்கேருந்து சீர் நின்னு ஆறு வருஷம் ஆவுது. ஏன்னு கேக்கக்கூட எனக்கு உரிமை இல்ல. உங்கண்ணன் திரும்ப வருவாரு, நாலு பெரிய மனுஷங்களக் கூட்டிக்கிட்டு வருவாரு. யார் வந்து சொன்னாலும் நீங்க போட்டுடாதீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார். போட மாட்டேன் அண்ணி என்று, வைத்துவிட்ட போனிடம் இரண்டு முறை சொன்னேன்.